எறும்பு நுழையாத படகு

அந்த மனுஷரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எறும்பு மேஸ்திரி என்றால்தான் தெரியும். கதவு, ஜன்னல், அலமாரி எது செய்து கொடுத்தாலும், இரண்டு பலகை சேரும் இடத்தில் விரலை வைத்துத் தடவிக் காட்டி, "இதுல ஒரு எறும்பு நுழையட்டும், நான் உளியைக் கீழ வெச்சுடுறேன்" என்பார். வாங்க வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு குறும்புக்காரர் நிஜமாகவே தீப்பெட்டியில் எறும்பு பிடித்து வந்து அலமாரி மேல் விட்டுப் பார்த்தார். எறும்பு இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, வழி கிடைக்காமல் வந்தவரின் சட்டைக் கைக்குள்ளேயே புகுந்துகொண்டது. அன்றைக்கு ஒட்டிய பெயர் அது.

அவர் மனைவிக்குக் கேப்டன் என்று பெயர். அதுவும் ஊர் வைத்ததுதான். ஏரியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆள் ஏற்றிப்போகும் மரப்படகை அவள்தான் ஓட்டினாள். அப்பா விட்டுப்போன படகு. நீண்ட மூக்கு, பழுப்பு வார்னிஷ், பித்தளைக் கைப்பிடி, நடுவில் டீசல் இன்ஜின். இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பழகிய வாய் அவளுக்கு. வீட்டில் உப்பு எங்கே என்று அவள் கேட்டால் அக்கரையில் இருப்பவன் எடுத்துக் கொடுப்பான் என்று மேஸ்திரி கிண்டல் செய்வார். அவருக்கோ தண்ணீர் என்றாலே பயம். கல்யாணமான புதிதில் ஒருமுறை படகில் ஏறி, பாதி வழியில் வாந்தியெடுத்து, அன்றோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டார். அக்கரையில் வேலை இருந்தாலும் ஏரியைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில்தான் போவார். பிறகு ஏரிக்குக் குறுக்கே பாலம் வந்தது, ஆட்கள் குறைந்தார்கள். கேப்டன் படகைக் கரையேற்றி வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிறுத்தினாள். வருஷக்கணக்கில் அது அங்கேயே காய்ந்து கிடந்தது.

அந்த வாய்தான் ஒரு காலையில் நின்றுபோயிற்று. பல் தேய்க்கப் போனவள் குளியலறைச் சுவரைப் பிடித்தபடி சரிந்தாள். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். பேச்சைக் காப்பாற்ற முடியவில்லை.

"வந்தா இந்த முதல் சில மாசத்துலதான் வரும். தள்ளிப்போகப் போகக் கஷ்டம்" என்றார் டாக்டர். "அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சதைக் காட்டுங்க. பிடிச்சதைக் கேக்க வைங்க."

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். பசு, பந்து, நாற்காலி என்று படம் போட்ட அட்டைகளை நீட்டினாள். கேப்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிலேட்டும் பலப்பமும் கொடுத்தார்கள். இடது கையால் எழுதப் பார்த்தாள், கோழி கிளறியது போல வந்தது, சிலேட்டைத் தூக்கி எறிந்தாள். பயிற்சிப் பெண் அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டே மேஸ்திரியிடம் சொன்னாள். "எழுத்தும் சேர்ந்துதான் அடிபட்டிருக்கு சார். ஆனா அவங்களுக்கு எல்லாமே புரியுது. வார்த்தைக்காகவே காத்திருக்காதீங்க. கையால எதையாவது காட்டினாலும் கவனிங்க."

"கை எதுக்கும்மா?" என்றார் மேஸ்திரி. "எனக்கு வாய் வேணும்."

அவரைக் குறை சொல்ல முடியாது. முப்பது வருஷமாக அவள் போட்ட கூச்சலுக்குக் கோபித்துக்கொண்டே வாழ்ந்தவர். இப்போது வீட்டில் கடிகாரச் சத்தம் கேட்டது. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் ஜன்னலோரம் அவளைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார். ஏரிப் பக்கம் யாரோ ஒருவருடைய பழைய படகு, டுபுடுபுவென்று போயிற்று. கேப்டன் விசுக்கென்று நிமிர்ந்தாள். இடது கையை ஜன்னல் கம்பியில் போட்டு, எழுந்திருக்கப் பார்த்து, "ஏ... ஏஏ..." என்றாள். சத்தம்! தொண்டையிலிருந்து வந்த, அவளுடைய சொந்தச் சத்தம்! மேஸ்திரி கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகக் கொட்டகைக்கு ஓடினார். படகின் மேல் மூடியிருந்த தார்ப்பாயை இழுத்தெறிந்தார். இதை ஓட வைத்து, அவளை ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைத்தால் பேச்சு வந்துவிடும். அவருக்கு அது கணக்குப் போட்டுப் பார்த்த மாதிரி உறுதியாகத் தெரிந்தது.

அன்றைக்கே மச்சானை வரச் சொன்னார். கேப்டனின் தம்பி லாரி இன்ஜின் மெக்கானிக். வந்தவன் படகைச் சுற்றி வந்து, அடிப்பலகையில் ஸ்குரூடிரைவரைக் குத்தினான். பிடிவரை உள்ளே போயிற்று.

"மாமா, இன்ஜினை நான் எழுப்பிடுவேன். அது இரும்பு, சொன்னாக் கேக்கும். மரம் மக்கிப்போயிருக்கே."

"மரம் என் பொறுப்பு. கீழ்ப்பலகை பூராவும் புதுசு போடுறேன்."

"படகு வேலை வேற, கட்டில் வேலை வேற இல்லையா மாமா?"

"மரத்துக்குத் தெரியுமாடா தான் கட்டிலா படகான்னு?"

ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பார்களே, அது இதுதான். ஆனால் தவிப்பில் இருக்கிறவனிடம் யார் போய்ச் சொல்வது? மச்சான் இன்ஜினைக் கழற்றி எடுத்துக்கொண்டு தன் பட்டறைக்குப் போனான்.

மேஸ்திரி கையிலிருந்த வேலைகளையெல்லாம் வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டார். காலையில் கேப்டனைக் குளிப்பாட்டி, தலை வாரி, சக்கர நாற்காலியில் வைத்துக் கொட்டகைக்குத் தள்ளி வருவார். மடியில் ஒரு துண்டு, பக்கத்து முக்காலியில் குடிக்கத் தண்ணீரும் ஒரு குவளையும். "நீ மேற்பார்வை பாரு கேப்டன். நான் கூலிக்காரன்" என்பார். அவள் சிரிப்பாள், வாயின் ஒரு பக்கம் மட்டும். அதைப் பார்த்துவிட்டு அவர் குனிந்துகொள்வார்.

பழைய பலகைகளைப் பெயர்த்தபோது, ஒவ்வொரு பலகைக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு இடுக்கு இருந்தது. அதில் கறுத்துப்போன பஞ்சுத் திரியும் உதிர்ந்த மக்குப் பூச்சுமாக அடைத்திருந்தது. மேஸ்திரிக்கு அருவருப்பாகிவிட்டது. "யாருடா இது, பலகையைச் சேர்க்கத் தெரியாம பஞ்சை வெச்சு அடைச்சிருக்கான்! உங்கப்பா காலத்து வேலையா? நல்ல மனுஷர், அவரைச் சொல்லலை, அவருக்குக் கிடைச்ச தச்சனைச் சொல்றேன்." நீளநீளமாகத் திரியை உருவி வெளியே எறிந்தார். ஒரு துண்டு கேப்டனின் காலடியில் விழுந்தது. அவள் சரிந்து, இடது கையால் அதைப் பற்றிக்கொண்டாள். "ஏ..." என்று அதை அவரை நோக்கி நீட்டினாள்.

"சீ, அழுக்கு. போடு கீழ."

அவள் போடவில்லை. இறுக்கி மூடிக்கொண்டாள். சாயங்காலம் வரை அந்தக் கை திறக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் ஒவ்வொரு விரலாகப் பிரித்துத் திரியை எடுத்து எறிந்தார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

புதுப் பலகைக்கு, வருஷக்கணக்கில் காய்ந்த முதல்தரமான மரமாகத் தேடி வாங்கினார். இழைப்புளி போட்டுப் போட்டு, பலகையோடு பலகையைச் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு இழை வெளிச்சம் தெரிந்தால்கூடத் திரும்ப இழைத்தார். சேருமிடத்தில் கல்லாகக் காயும் ரசாயனப் பசையை ஊற்றி, ஜாக்கி வைத்து நெருக்கி, திருகாணி போட்டு முறுக்கினார். தண்ணீரை அவருக்குத் தெரியும். ஒரு பொட்டு இடம் கொடுத்தால் ஆளைத் தின்றுவிடும். அதற்கு வழியே விடக் கூடாது.

இவ்வளவுக்கும், மழைக்காலத்தில் கதவு உப்பும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மனுஷர் அவர். கதவைப் பொருத்தும்போது நிலைக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு மயிரிழை விட்டுத்தான் மாட்டுவார். அந்த அறிவு அந்தக் கொட்டகையில் எங்கே போயிற்று? பயம் வந்தால் படித்ததெல்லாம் பறந்துவிடும் என்பது சும்மாவா.

அப்போதுதான் கேப்டன் விசித்திரமாக நடக்க ஆரம்பித்தாள். குவளைத் தண்ணீரை எடுத்துப் புதுப் பலகையின் மேல் வீசினாள். முதல்நாள் கை தவறியது என்று நினைத்தார். மறுநாளும் வீசினாள். அடுத்த நாள், அவர் முந்தின தினம் இழைத்து வைத்த பலகை நனைந்து, பசை போட முடியாமல் போயிற்று. முக்காலியைத் தள்ளிப் போட்டார். அவள் நாற்காலியை இடது காலால் உந்தி உந்தி வந்து தண்ணீர்க் குடத்தையே கவிழ்த்தாள்.

அது போகட்டும் என்றால் துண்டு. மடியிலிருந்த துண்டின் ஓரத்திலிருந்து ஒவ்வொரு நூலாக உருவினாள். பல்லால் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு, இடது கையால் நூல்களைத் தொடைமேல் வைத்து உருட்டி உருட்டித் திரித்தாள். திரித்ததை எடுத்துப் படகை நோக்கி நீட்டினாள். பலகைமேல் விரலால் கோடு இழுத்தாள். திரும்ப நீட்டினாள்.

இழைப்புளியைக் கீழே வைத்தார் மேஸ்திரி. இவளுக்குப் புத்தியும் போகிறதா? மச்சானுக்கு போன் போட்டார். "உங்கக்கா துண்டைப் பிய்க்கிறாடா. தண்ணியை எடுத்து எடுத்து வீசுறா. எனக்குப் பயமா இருக்கு."

"சீக்கிரம் படகை இறக்கிடலாம் மாமா. இன்ஜின் ரெடி" என்றான் அவன். பிறகு சற்று யோசித்து, "அக்கா எப்பவும் ஒண்ணு சொல்லும். மரம் தண்ணியில உடம்பு மாறும்னு. கரையில பார்த்த படகு வேற, தண்ணியில பார்க்குற படகு வேறன்னு. இறக்கி ரெண்டு நாள் ஊறினப்புறம்தான் நான் இன்ஜின்லேர்ந்து விசிறிக்குப் போற ஷாஃப்டை நேர் பண்ணுவேன்."

"நீ இன்ஜினைப் பாரு" என்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் துண்டைக் கொடுக்கவில்லை. குவளையையும் வைக்கவில்லை. கேப்டன் தன் சட்டை ஓரத்து நூலை இழுத்தாள். அதைப் பார்த்ததும் மேஸ்திரிக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ, உளியை வீசியெறிந்துவிட்டு அவள் முன்னால் மண்டியிட்டார்.

"என்னதான்டி வேணும் உனக்கு? யாருக்காக இந்தப் பாடு படுறேன்? ஒரு வார்த்தை சொல்லு! 'போடா'ன்னு சொல்லு! திட்டு! முப்பது வருஷம் திட்டினியே, ஒரே ஒரு தடவை திட்டக்கூடாதா? மாசம் ஓடுதுடி. டாக்டர் சொன்ன காலம் ஓடுதுடி!"

அவள் அவரைப் பார்த்தாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. இடது கையை மெதுவாக நீட்டி, அவருக்குப் பின்னாலிருந்த பலகையைத் தொட்டாள். இரண்டு பலகை சேருமிடத்தை நகத்தால் கீறினாள். நகம் எங்கேயும் மாட்டவில்லை, வழுக்கிக்கொண்டு போயிற்று.

"பாத்தியா? எறும்பு நுழையாது" என்றார் மேஸ்திரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. செவிடன் காதில் ஊதிய சங்கு என்றால் இதுதான். ஆனால் செவிடு யார் என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

படகை இறக்கிய நாள் பாதி ஊர் கூடிவிட்டது. மச்சான் இன்ஜினைக் கொண்டுவந்து பொருத்தியிருந்தான். உருளைக் கட்டைகள் மேல் தள்ளிக்கொண்டு போய்ப் படகுத்துறையில் விட்டார்கள். வார்னிஷ் வெயிலில் பளபளத்தது. மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு படகுக்குள் இறங்கி, தரைப்பலகையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தார். அப்போதும் காய்ந்திருந்தது. கையை விட்டுத் தடவினால் தூசி ஒட்டியது.

"ஒரு சொட்டு இல்ல!" என்று கத்தினார். "கேப்டன்! ஒரு சொட்டு இல்ல!"

கூட்டம் கைதட்டியது. கரையில் நாற்காலியில் இருந்த கேப்டன் வாய்விட்டு அழுதாள். அடிவயிற்றிலிருந்து ஓவென்று அழுதாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டி அழுதாள்.

"சந்தோஷம் தாங்கலை பாவம்" என்றார்கள் பெண்கள். மேஸ்திரியும் அப்படித்தான் நினைத்தார். நினைத்து அவரும் அழுதார். அன்று ராத்திரி மாதக்கணக்கில் முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டார். இனி ஷாஃப்டை நேர் பண்ணவேண்டியதுதான் பாக்கி. பிறகு ஸ்டீயரிங். பிறகு பேச்சு.

இரண்டு நாள் கழித்து, மச்சான் வருவதாகச் சொன்ன காலையில், கேப்டனுக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டு, நாற்காலியைத் துறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். மச்சான் முன்னாலேயே வந்து படகுக்குள் இன்ஜின் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஸ்பானரை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"மாமா, ஷாஃப்ட் எங்கேயோ போகுது. இறக்கின அன்னிக்கு வெச்ச அளவு இன்னிக்கு இல்ல. படகே கோணிக்கிட்டு..."

மடார் என்று ஒரு சத்தம். கதவின் தாழ்ப்பாளை உள்ளிருந்து உடைத்தது போல. மச்சான் துள்ளி எழுந்தான். இன்னொரு சத்தம். பலகைகளை உள்ளே இருந்து தாங்கும் விலாக்கட்டை ஒன்று நடுவில் முறிந்து நிமிர்ந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. திருகாணித் தலைகள் பட்பட்டென்று தெறித்தன. அடிப்பலகை ஒன்று வெளிப்பக்கமாகப் பிதுங்கிக்கொண்டு போக, ஏரி உள்ளே வந்தது.

"வராதீங்க மாமா! மேலயே நில்லுங்க!" என்று மச்சான் கத்தினான். யார் கேட்டது? தண்ணீரைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்கிற மனுஷர், செருப்போடு படகுக்குள் குதித்தார். பலகை பிதுங்கிய இடைவெளியில் முதுகை வைத்து, எதிர்ப்பக்கம் காலை ஊன்றி அழுத்தினார். "அடைச்சிடலாம்டா! பசை எடு! எதையாவது எடு!" தண்ணீர் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. "இது போச்சுன்னா அவ பேச மாட்டாடா! விடாதே, பிடி!"

மச்சான் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். மேஸ்திரி படகின் விலாவை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். அப்போது துறையிலிருந்து சத்தம் கேட்டது.

"ஏ! ஏஏ!"

கேப்டன் நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தாள். இன்னும் ஒரு சாண் சரிந்தால் தண்ணீரில் விழுவாள். இடது கையை நீட்டி, விரல்களை மடக்கி மடக்கி, வா, வா என்று கூப்பிட்டாள். படகை அவள் பார்க்கவே இல்லை. மேஸ்திரியின் பிடி தளர்ந்தது.

இரண்டு பேரும் துறையில் ஏறினார்கள். படகு பெருமூச்சுவிட்டுக்கொண்டு தரைதட்டியது. ஸ்டீயரிங்கும் பித்தளைக் கைப்பிடியும் மட்டும் தண்ணீருக்கு மேல் நின்றன. மச்சான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

பிதுங்கிய பலகை ஒன்று மிதந்து வந்து துறையில் இடித்தது. மேஸ்திரி அதைப் பிடித்துத் தூக்கினார். பலகையின் ஓரத்தைப் பார்த்தார். மயிரிழை பிசகாமல் அவர் இழைத்த ஓரம், நசுங்கிக் கசங்கியிருந்தது. பசை மட்டும் அப்படியே கல்லாக இருந்தது. தண்ணீர் குடித்து உப்பிய மரம், ஒதுங்க இடமில்லாமல் பக்கத்துப் பலகையை நெட்டியிருக்கிறது, அது அடுத்ததை நெட்டியிருக்கிறது, கடைசியில் எல்லாம் சேர்ந்து விலாவை உடைத்துக்கொண்டு வெளியே போயிருக்கின்றன. மழைக்காலத்துக் கதவு. அடப் பாவி, மழைக்காலத்துக் கதவு!

பலகையைக் கையில் வைத்துக்கொண்டே மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார். அந்தக் கறுத்த பஞ்சுத் திரி. மூடிய கை. சோப்புப் போட்டுக் கழுவியது. பலகைமேல் வீசின தண்ணீர். தொடைமேல் உருட்டின நூல். காய்ந்திருந்த படகைப் பார்த்து அவள் தலையை ஆட்டி ஆட்டி அழுதது. ஒவ்வொன்றாக வந்து அவர் நெஞ்சில் இறங்கின.

"கொஞ்சம் ஒழுகணுமா?" என்றார். "மொதல்ல கொஞ்சம் ஒழுகி, மரம் ஊறி, அதுவா அடைச்சுக்கணுமா? அதுக்குத்தான் இடுக்கா? அதுக்குத்தான் பஞ்சா?"

கேப்டன் கண்ணை மூடித் திறந்தாள். ஆமாம் என்றுதான் அர்த்தம்.

மேஸ்திரி மரப்பலகையோடு அவள் காலடியில் விழுந்தார். "தினம் சொன்னியேடி. தினம் தினம் சொன்னியே. நீ பேசலைன்னு ஊரெல்லாம் சொல்லி அழுதேன். உன் கையைப் பிரிச்சுக் கழுவினேனே. துண்டைப் பிடுங்கினேனே!" தலையைத் துறைக் கல்லில் மோதிக்கொண்டார். மச்சான் ஓடிவந்து பிடித்தான்.

அவன் பிடித்திருக்க வேண்டியதில்லை. கேப்டனின் இடது கை அதற்குள் மேஸ்திரியின் காதைப் பற்றிவிட்டது. பற்றி, ஒரு திருகு திருகியது. நல்ல வலி. படகில் சேட்டை செய்கிற பயல்களை அவள் திருகுவாளே, அந்தத் திருகு. அவர் ஆ என்று நிமிர்ந்தார். அவள் முகத்தில் கோபம் இருந்தது, அசல் கோபம், பழைய கேப்டனுடையது. அவர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைப் பார்க்கவில்லை.

டாக்டர் சொன்ன காலம் முடிய அதிக நாள் இல்லை. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மேஸ்திரி தோளிலிருந்த ஈரத் துண்டை எடுத்துப் பிழிந்தார். உதறி, அவள் மடியில் விரித்தார். கேப்டன் அதைத் தொடவில்லை. ஏரியில் துருத்திக்கொண்டிருந்த ஸ்டீயரிங்கை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துண்டின் ஓரத்தை இடது கையால் தேடி, ஒரு நூலை உருவினாள்.

அவர் அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு தடியா வேணும்?" என்று கேட்டுவிட்டு, அவள் கையைப் பார்த்தார்.